கண்ணாடி முகப்பும் ஏசி கணக்கும்: கேள்வி பதில்

சென்னை வாசகர்: நான்கு மாடி அலுவலகம் கட்டுகிறோம். முகப்பு முழுவதும் கண்ணாடி வேண்டும் என்கிறார் முதலாளி. விலை உயர்ந்த கண்ணாடி போட்டால் வெப்பம் வராதல்லவா?

குறையும், நிற்காது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயிலை ஏசிதான் துரத்த வேண்டும். உள்ளே திரை போட்டாலும் வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்த விருந்தாளிதான். முகப்பு எந்தத் திசை என்று நீங்கள் சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் முக்கியம். தெற்கு என்றால் நல்ல சன்ஷேட் பெரும்பாலும் காப்பாற்றும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக வந்து சன்ஷேட்டுக்கு அடியில் நுழைந்துவிடும். அந்தப் பக்கங்களில் படிக்கட்டு, லிஃப்ட், கழிவறைகளைத் தள்ளுங்கள். கண்ணாடி ஆசையை வடக்கில் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஐரோப்பியக் கட்டடங்களின் படங்களைப் பார்த்து வடக்குச் சன்னலைச் சன்ஷேட் இல்லாமல் மொட்டையாக விட்டுவிடாதீர்கள்.

மதுரை வாசகர்: ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் கரையான் புற்றைப் பார்த்துக் கட்டிய கட்டடம் ஏசி இல்லாமலே குளிர்கிறதாமே, ஐயா? இங்கே முடியுமா?

மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் சென்டரைச் சொல்கிறீர்கள். இரவுக் குளிர்காற்றை விசிறிகள் இழுத்துக் கான்கிரீட் தளங்களைக் குளிரவைக்கும். மறுநாள் பகல் அந்தக் குளிர்ச்சியில் ஓடும். ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் போர்வை கேட்கும் ஊர். மே மாத மதுரையில் மொட்டை மாடியில் படுத்துப் புரண்டவருக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. ஊட்டியில் கட்டலாம், அங்கே ஏசியே தேவையில்லை.

கோவை வாசகி: அறையைக் குளிர்விக்கத் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய் பதிக்கும் முறை நம்பகமானதா?

ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2011இல் ஒரே கட்டடத்தின் பாதிக்கு வழக்கமான ஏசி, மறுபாதிக்கு இந்த முறை என்று வைத்துப் பார்த்தார்கள். குழாய்ப் பாதிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவு. ஒரு எச்சரிக்கை, அம்மா: காற்றில் ஈரம் மிகுந்தால் குளிர்ந்த சோடா பாட்டில்போலத் தளமும் வியர்க்கும். ஈரம் நீக்கிய காற்றைத் தனியே அனுப்ப வேண்டும். கதவைத் திறந்து போடும் அலுவலகத்துக்கு இது ஆகாது.

திருச்சி வாசகர்: எங்களுடையது வாடகை இடம். சுவரைத் தொட முடியாது.

ஏசியை 24இல் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மின்சிக்கனத்துக்கான மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு தரும் கணக்கு. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு வேலை செய்கிறவர்களை நான் சென்னையிலேயே பார்த்திருக்கிறேன்! மேல்மாடி என்றால், வீட்டுக்காரரிடம் பேசி மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள்.

சேலம் வாசகர்: பசுமைச் சான்றிதழ் வாங்கினால் போதுமா?

வாங்குங்கள், வரவேற்பறையில் மாட்டுங்கள். பிறகு ஓராண்டில் ஓடிய யூனிட்டுகளைச் சதுர மீட்டரால் வகுத்துப் பாருங்கள். அலுவலகக் கட்டடங்களுக்கு பி.இ.இ. 2009 முதல் தரும் நட்சத்திரங்களும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.