பேராயர் வருகிறார், பிள்ளைகளை யார் பார்ப்பது?

கேள்வி: நானும் என் கணவரும் பாளையங்கோட்டையிலிருந்து உகாண்டா வந்து ஏழு மாதம் ஆகிறது. முகோனோ, ஜின்ஜா, ம்பாலே ஆகிய மூன்று ஊர்களில் ஒன்பது இளம் மிஷனரிகள் எங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். எல்லாரும் 21 முதல் 26 வயதுப் பிள்ளைகள். மே 27 முதல் ஜூன் 4 வரை எங்கள் பேராயர், அவருடைய மனைவி, மிஷனரிக் குழுவின் செயலர் மூவரும் வருகிறார்கள். பேராயருக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. ஜூன் 3 அன்று தியாகிகள் நினைவிடமான நமுகோங்கோ போகவும் ஆசைப்படுகிறார். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள், ஒரே குளியலறை. எங்கே தங்கவைப்பது, எப்படி உபசரிப்பது? பிள்ளைகள் இப்போதே பதற ஆரம்பித்துவிட்டார்கள்.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் குளியலறையைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்தக் கடைசி வரிதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் பதினோரு வருடம் உங்களைப் போலவே பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு இருந்தவள் நான். முதல் தடவை தலைவர்கள் வந்தபோது இரண்டு வாரம் ஊழியத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் வேலையில் இறக்கினேன். சுவருக்கு வெள்ளையடித்தோம், வரவேற்புப் பாட்டுப் பழகினோம், அறிக்கை தட்டச்சு செய்தோம். வந்தவர்கள் வழியில் சிக்கி இரண்டு மணி நேரம் தாமதம். மாலையோடு வரிசையில் நின்ற ஒரு தம்பி அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தான். தொட்டால் நெருப்பாகச் சுட்டது. மலேரியா. மூன்று நாளாகக் காய்ச்சலை மறைத்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஐயா வர்ற நேரத்துல போய் காய்ச்சல்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல அக்கா” என்றான். அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால் நிகழ்ச்சி நிரல் எழுத உட்காரும்போது முதல் வரியாக இதை எழுதுங்கள்: ஒன்பது பேருக்கும் ஆளுக்கு அரை மணி நேரம், வந்த தலைவர்களில் ஒருவரோடு தனியாக. மொத்தம் நாலரை மணி நேரம்தான். கடைசி நாளுக்குத் தள்ளினால் அது நடக்காது. ஒவ்வொரு ஊரிலும் போய் இறங்கியதும் முதல் வேலையாக வையுங்கள். பெண் பிள்ளைகள் பேராயரின் மனைவியோடு பேசட்டும். இடம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாமரத்தடியாக இருக்கட்டும்; பேச்சு மட்டும் பிறர் காதில் விழக்கூடாது. நீங்களும் உங்கள் கணவரும் அந்தப் பக்கமே போகாதீர்கள். முடிந்து வரும் பிள்ளையிடம் “என்ன சொன்னாய்?” என்று கேட்கவும் கூடாது. உங்களைப் பற்றியே குறை சொல்லியிருக்கலாம், சொல்லட்டும். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு உங்களைத் தாண்டிப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? இரவில் தூக்கம் வரவில்லை, கூட இருப்பவளோடு ஒத்துப்போகவில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த அரை மணியில்தான் வெளியே வரும்.

மாலை, வரவேற்புப் பாட்டு, பதாகை மூன்றையும் விட்டுவிடுங்கள். அறிக்கை ஒரு பக்கம் போதும். வருகைக்கு முந்தின வாரம் வழக்கமான ஊழியம் அப்படியே நடக்கட்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும், யார் வந்தாலும் சரி என்று இப்போதே ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, அவசரமான விஷயம் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும், இணையத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்பார்கள். போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் போதும். 2016-இல் விதி அப்படி மாறிவிட்டது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஆனால் இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயது தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு கடுமையாக வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். பேராயருக்கு 66 என்கிறீர்கள். ஊசி போடப் போவதற்கு முன் அவரை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். டாக்டர் வேண்டாமென்று விலக்குச் சான்று கொடுத்தாலும் சிக்கல் தீராது. ஊசிச் சான்று இல்லாமல் உகாண்டாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரை 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். இதையெல்லாம் டிக்கெட் போடுவதற்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும். அப்படி அவர் வர முடியாமல் போனால் மற்ற இருவரும் வரட்டும், அதில் எந்தக் குறையும் இல்லை.

நமுகோங்கோ பற்றி. 1885-க்கும் 1887-க்கும் இடையில் புகாண்டா (இன்றைய உகாண்டாவுக்குள் இருக்கிற ஓர் அரசு) அரசன் முவாங்காவின் காலத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களில் 45 பேர் தியாகிகளாக நினைக்கப்படுகிறார்கள்: 22 பேர் கத்தோலிக்கர், 23 பேர் ஆங்கிலிக்கர். பலர் அரண்மனையில் ஏவல் செய்த பையன்கள், உங்கள் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் பலரை உயிரோடு எரித்தார்கள். அந்த நாளில் நாடெங்குமிருந்தும், பக்கத்து நாடுகளிலிருந்தும்கூட ஜனங்கள் நாள்கணக்கில் நடந்தே வந்து சேருவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் சர்க்கரை உள்ள 66 வயதுக்காரரை அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில் பல மணி நேரம் நிற்கவைத்து மறுநாள் விமானம் ஏற்றுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பாலாவிலிருந்து முகோனோ போகிற பாதையில் சற்று உள்ளே விலகினால் நமுகோங்கோ. மே 28 அல்லது 29 அன்று, கூட்டம் சேருவதற்கு முன், முகோனோ பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். அங்கே உட்கார்ந்து ஜெபிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

தங்கும் இடம்: உங்கள் வீடு வேண்டாம். ஒரே குளியலறையில் ஐந்து பேர் என்றால் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது. என்டெபி விமான நிலையத்திலிருந்து கம்பாலா சுமார் 40 கிலோமீட்டர். முதல் இரவு நமிரெம்பே விருந்தினர் இல்லம் மாதிரி ஓரிடத்தில் ஓய்வெடுக்கட்டும். மற்ற ஊர்களில் சபையின் விருந்தினர் அறையைக் கேளுங்கள். கிராமங்களில் குழிக் கழிப்பறைதான் இருக்கும், முட்டிவலிக்காரர்களுக்குக் குத்தவைப்பது சித்திரவதை. வழியில் எங்கே நிறுத்தலாம் என்று முந்தின வாரமே நீங்கள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. உங்கள் மூன்று ஊர்களும் மூன்று திருமண்டலங்களில் இருக்கின்றன: முகோனோ, புஸோகா (ஜின்ஜா இதில்தான் வரும்), ம்பாலே. நம்முடைய பேராயர் அங்கே விருந்தாளி. அந்தந்தப் பேராயருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்காமல் அவர் அங்கி அணிந்து பிரசங்க பீடம் ஏறக்கூடாது. போனதும் முதலில் உள்ளூர்ப் பேராயரைப் போய்ப் பார்ப்பதுதான் மரியாதை. நம் ஊரிலும் அப்படித்தானே? அப்புறம், பீடத்தில் நின்று “உங்களுக்குக் கூரைத் தகடு போட்டுத் தருகிறோம்” என்று யாரும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று செயலரிடம் முன்பே தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னவர் விமானம் ஏறிப் போய்விடுவார். வருடக்கணக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது உங்கள் பிள்ளைகள்.

நேரம் சொல்வதிலும் கவனம். புகாண்டா மக்களின் மொழியான லுகாண்டாவில் மணி, விடியலிலிருந்து எண்ணப்படுகிறது. ‘ஸாவா ஸத்து’ என்றால் சொல்லுக்குச் சொல் மூன்றாம் மணி. நமக்கு அது காலை 9. அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற ‘மூன்றாம்மணி வேளை’ மாதிரியே. ஆங்கிலத்தில் பேசும்போது பெரும்பாலும் நம் கணக்கிலேயே சொல்வார்கள் என்றாலும், கிராமத்து மூப்பர் “இரண்டு மணிக்கு ஆராதனை” என்றால் காலை 8-ஆ, மதியம் 2-ஆ என்று திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உபசரிப்பு பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு உங்களுக்கு வேலை இல்லை. அந்த ஜனங்கள் உபசரிப்பில் நம்மைவிடப் பெரியவர்கள். சாப்பாட்டுக்கு முன் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றுவார்கள். வாழையிலையில் பொதிந்து அவித்த மத்தோக்கே என்கிற வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும் வரும். மத்தோக்கே மாவுச்சத்து, சர்க்கரைக்காரருக்கு அளவோடுதான். பேராயரின் மனைவியிடம் சொல்லிவைத்தால் அவர் பார்த்துக்கொள்வார். புகாண்டா பக்கத்தில் பெண்கள் பெரியவர்களுக்கு முழங்காலிட்டு வணக்கம் சொல்வார்கள். பார்க்க நமக்குக் கூச்சமாக இருக்கும். கையைப் பிடித்துத் தூக்கிவிடக் கூடாது. புன்னகையோடு நின்று, விசாரிப்பு முடியும் வரை பதில் சொன்னால் போதும்.

கோழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஒரு விதவைத் தாய், கால் கட்டிய ஒரு சிவப்புக் கோழியை எங்கள் விருந்தினர் கையில் கொடுத்தார். அவர் நல்ல மனதோடுதான், “ஐயோ, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்று திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு பேசாமல் ஓரமாக நின்றுவிட்டார். அதைச் சரிசெய்ய எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து வந்தார்கள். கோழி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரவில் தங்குகிற இடத்தில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள்.

ஊரிலிருந்து பொட்டலம் வருமே, அதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒன்பது அம்மாக்களுக்கும் நீங்களே போன் செய்து, ஆளுக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முறுக்கு, பருப்புப்பொடி, கருப்பட்டி, ஒரு கடிதம். அனுப்ப வசதியில்லாத வீடு ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே எடையில் ஒரு பை தயாராக வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் பேராயரின் மனைவியிடம் ஒப்படைத்துப் பாருங்கள், சந்தோஷமாகச் செய்வார். வந்த விருந்தாளிகளோடு ஒரே ஒரு ராத்திரி எல்லாரும் உங்கள் வீட்டில் சோறும் சாம்பாரும் சாப்பிடுங்கள். அன்று பிள்ளைகள் பரிமாற வேண்டாம், உட்காரட்டும். நீங்களும் செயலரும் பரிமாறுங்கள்.

மலேரியா மாத்திரையை உகாண்டாவில் இருக்கும்போது மட்டுமல்ல, ஊருக்குப் போன பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். திரும்பிப் போனபின் சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், “உகாண்டா போய்வந்தேன்” என்பதுதான் டாக்டரிடம் அவர்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை. இதை ஒரு சீட்டில் எழுதி மூவரின் பாஸ்போர்ட்டிலும் வைத்துவிடுங்கள்.

ஜூன் 4 இரவு வண்டியில் திரும்பும்போது நீங்கள் இருவரும் களைத்துப் போயிருப்பீர்கள், பிள்ளைகளும்தான். 5-ஆம் தேதி ஒருவருக்கும் வேலை வைக்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டு, சாப்பிட்டார்களா என்று மட்டும் கேளுங்கள்.