கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஓர் ஊருக்கு அருகிலுள்ள இதய சிகிச்சை மையம் 0.43 தொலைவில் என்று வருகிறது, இது கிலோமீட்டரா?

கிலோமீட்டர் இல்லை, அது டிகிரி. கியூஜிஐஎஸ்ஸில் மிக அருகிலுள்ளதைத் தேடி இணைக்கும் 'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை நியரெஸ்ட்' கருவி, தூரத்தை லேயரின் (வரைபட அடுக்கின்) அலகிலேயே தரும். உங்கள் ஊர்ப் புள்ளிகள் அநேகமாக இபிஎஸ்ஜி 4326-இல், அதாவது இடங்களை டிகிரியில் குறிக்கும் ஆயத்தொலைவு முறையில் இருக்கின்றன.

111-ஆல் பெருக்கினால் போதாதா என்று தோன்றும். வேண்டாம். வடக்கு தெற்காக 1 டிகிரி சுமார் 111 கிலோமீட்டர்தான், ஆனால் கிழக்கு மேற்காக அது துருவத்தை நோக்கிப் போகப்போகச் சுருங்கி 60 டிகிரி அட்சரேகையில் பாதியாகிவிடும், அதனால் 'அருகில்' என்று அது காட்டும் மருத்துவமனையே சில ஊர்களுக்குத் தவறாக இருக்கலாம்.

1. இரண்டு லேயரையும் 'ரீபுரொஜெக்ட் லேயர்' கொண்டு உங்கள் பகுதியின் யூடிஎம் மண்டலத்துக்கு (மீட்டரில் குறிக்கும் ஆயத்தொலைவு முறை) மாற்றுங்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' போடாதீர்கள், அது பெயரை மட்டும்தான் மாற்றும், ஆயத்தொலைவுகள் அப்படியே கிடக்கும்.

2. மறுபடி ஓட்டுங்கள். இப்போது மீட்டரில் வரும்.

3. ஏதாவது ஓர் ஊரை எடுத்து அளவுகோல் கருவியால் மையம்வரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒத்துப்போனால் சரி.

ஒன்று மட்டும் கவனம்: இது நேர்க்கோட்டுத் தூரம். நடுவில் பாலமில்லாத ஆறு இருந்தால் வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊர்க்காரர் உண்மையில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், மாரடைப்பு வந்தவருக்கு அந்தச் சுற்றுதான் எல்லாமே. முடிவுகளை யாரிடமாவது கொடுக்கப்போகிறீர்கள் என்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் சாலைத் தரவை ஓஎஸ்ஆர்எம் என்ற சாலைவழி கணக்கிடும் மென்பொருளில் ஏற்றிப் பயண நேரமாகக் கணக்கிடுங்கள். அப்புறம், பட்டியலில் இருக்கும் மையங்களில் எவை இரவிலும் ஆஞ்சியோ செய்கின்றன என்று கேட்டு, செய்யாதவற்றை எடுத்துவிட்டு இன்னொரு வரைபடம் போடுங்கள்.