இட்லிப்பூச் செடியின் துளிர் இலைகள் மஞ்சளாகி, பூக்காமல் நிற்பது ஏன்? என்ன உரம் இடலாம்?

துளிர் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன என்றும், மண்புழு உரமும் முட்டை ஓட்டுத் தூளும் தவறாமல் இட்டு, போர்வெல் தண்ணீர் ஊற்றி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், செடிக்கு உரம் போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. மண்ணில் சுண்ணாம்பு ஏறிவிட்டதால், இருக்கிற இரும்புச் சத்தைக்கூட வேரால் எடுக்க முடியவில்லை என்பதே என் கணிப்பு.

இட்லிப்பூ, அதாவது நம் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மழை மிகுந்து சுண்ணாம்பு கரைந்து போய்விட்ட, சற்றே புளிப்புத் தன்மையுள்ள செம்மண்ணில்தான் அது செழித்து வளரும். கேரளத்து வீடுகளிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் யாரும் கவனிக்காத வேலியோரத்தில்கூட அது கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே காரத்தன்மை) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் அதற்குப் போதும். சுண்ணாம்பும் உப்பும் நிறைந்த போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றும் தொட்டியில் இந்த அளவு ஏழரையையும் தாண்டிவிடுவது எளிது. அப்போது மண்ணிலுள்ள இரும்பு, வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இரும்பு செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராத சத்து என்பதால், குறை முதலில் துளிரில் தெரிகிறது. மாறாக, அடி இலைகள் முழுவதும் வெளிறி உதிர்ந்தால் அதைத் தழைச்சத்துக் குறை என்று கொள்ளலாம். உங்கள் செடியில் அப்படி இல்லை.

ஆகவே முதலில் முட்டை ஓட்டை நிறுத்துங்கள். அது முழுக்கச் சுண்ணாம்பு. இணையத்தில் எல்லாச் செடிக்கும் ஒரே மருந்தாக அதைப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அடுப்புச் சாம்பலும் அப்படியே. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான் என்பதால் இட்லிப்பூவுக்கு அதைவிடக் கெடுதலான தண்ணீர் இல்லை. மழைநீர் கிடைக்கும்போது அதைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஏசி வெளியேற்றும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. அதையும் தயங்காமல் ஊற்றலாம். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்திருந்தால், அடித் துளை வழியாக நன்றாக வடியும்படி மழைநீரைத் தாராளமாக ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள்.

இரும்பைப் பொறுத்தவரை, நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பே (ஃபெரஸ் சல்பேட்) போதும். ஆனால் அதைச் சுண்ணாம்பு ஏறிய மண்ணில் போட்டால் சில நாட்களிலேயே அதுவும் பயன்படாத வடிவத்துக்கு மாறிவிடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியையும் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து, மாலை வேளையில் இலைகள் நனையத் தெளிப்பதே சரியான வழி. முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, இலை கருகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மூன்று முறை வரை தெளிக்கலாம். தரையிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை போகாது. தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டுத் தெளியுங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலைகள் முழுதாகத் தேறாமல் போகலாம். அடுத்து வரும் துளிரின் நிறத்தைப் பார்த்துத்தான் பலனை அளக்க வேண்டும்.

பூக்காததற்கு இந்தச் சத்துக் குறை ஒரு காரணம். மற்றொன்று, நீங்கள் குறிப்பிட்ட மாதாந்திரக் கத்தரிப்பு. இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் பூங்கொத்தை வைக்கும். வேலிபோல் சீராக இருக்க வேண்டும் என்று நுனிகளை ஓயாமல் வெட்டிக்கொண்டிருந்தால், மொட்டு உருவாகும் இடத்தையே வெட்டிவிடுகிறோம். அலுவலக வளாகங்களில் சதுரமாக நிற்கும் செடிகளில் பூ அரிதாக இருப்பது இதனால்தான். ஒரு சுற்று பூத்து வாடியபின், வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் பக்கக் கிளைகள் கிளம்பி அடுத்த சுற்றில் கொத்துகள் கூடும். நாளுக்கு ஐந்து மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். நிழலில் இலை பளபளப்பாக இருக்குமே தவிர, பூ சொற்பமாகத்தான் வரும்.

தரையில் மாற்றி நடும் எண்ணம் இருந்தால், மதில் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி நடுங்கள். சிமெண்ட் பூச்சிலிருந்தும் கட்டட இடிபாடுகளிலிருந்தும் சுண்ணாம்பு மண்ணில் கசிந்துகொண்டே இருக்கும். குழியில் செம்மண்ணோடு மக்கிய தொழு உரமும் இலை மட்கும் கலந்தால் போதுமானது. நர்சரிச் செடியின் வேரைச் சுற்றியுள்ள களிமண் இறுகிக் கட்டியாக இருந்தால், ஓரங்களை மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் கட்டிக்குள் இறங்காமல் சுற்றிலும் வழிந்துபோகும்.

கிளையில் எறும்பு ஊர்ந்தால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு முறை அடித்தால் அடங்கும். இதையும் அன்னபேதிக் கரைசலையும் ஒன்றாகக் கலக்காமல், சில நாள் இடைவெளி விட்டுத் தெளிக்கவும்.