வால்வோவா, ஸ்கானியாவா? முதலில் டிஃப்பைப் பாருங்கள்

கேள்வி: யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கணினி விளையாட்டில் இவ்வளவு நாளும் கம்பெனிகள் கொடுக்கும் லாரிகளையே ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. வால்வோ எஃப்ஹெச்16-இல் 750 ஹெச்.பி., ஸ்கானியா எஸ்-இல் 730 ஹெச்.பி. இரண்டையும் 6×4 சேசிஸில் (ஆறு சக்கரத்தில் நான்குக்கு உந்துவிசை) பார்த்து வைத்திருக்கிறேன். விலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் மாமா டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு லாரி ஓட்டுபவர். "டபுள் டிஃப் இல்லாத ஹார்ஸ் எதுக்குடா?" என்கிறார். (ஹார்ஸ் என்று அவர் சொல்வது டிரெய்லரை இழுக்கும் லாரியை; டபுள் டிஃப் என்றால் பின் அச்சு இரண்டுக்கும் உந்துவிசை, அதாவது 6×4.) எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மாமா சொல்வது அவர் ஓட்டும் பாதைக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நீங்கள் ஓட்டப்போவது டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3 இல்லை. வால்வோவா ஸ்கானியாவா என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த 6×4 விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். உங்கள் பணத்தில் பெரும்பகுதி போவது அங்கேதான்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு ஹார்ஸும் அதன் டிரெய்லர்களும் சரக்கோடு சேர்ந்து 56 டன் வரை போகலாம். துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்நாட்டுக்குப் போகும் கனமான சரக்கு பெரும்பாலும் இன்டர்லிங்கில்தான், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரட்டை டிரெய்லரில்தான் ஏறுகிறது. அதை இழுத்துக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லும் வான் ரீனன் கணவாயும் ஏற வேண்டும். மழையில் ஒரே அச்சில் உந்துவிசை இருந்தால் சக்கரம் வழுக்கும். அதனால்தான் இங்கே டபுள் டிஃப் சர்வசாதாரணம்.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. அங்கே வழக்கமான வண்டி 4×2 ஹார்ஸும் மூன்று அச்சு டிரெய்லரும் சேர்ந்தது. மொத்த எடை 40 டன். விளையாட்டில் வரும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான், சரக்கு மட்டும் 20, 25 டன். அதை இழுக்க 4×2 தாராளமாகப் போதும். 6×4 வாங்கினால் விலை கூடும், வண்டியின் சொந்த எடை கூடும், திரும்புவதற்கு அகலமான இடம் கேட்கும். பிரான்ஸ் பக்கம் ஒரு சின்னக் கிடங்கில் டிரெய்லரை ரிவர்ஸில் நுழைக்கும்போது அந்தக் கூடுதல் நீளம் என்ன பாடுபடுத்தும் என்பது அப்போது தெரியும். ஷோரூமில் சேசிஸைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டீசல் டேங்கின் லிட்டர் கணக்கையும் பாருங்கள். ஒரே லாரியில் சேசிஸ் மாறும்போது டேங்கும் மாறும். நீண்டதூர வேலைக்கு இது சின்ன விஷயமில்லை.

6×4 தேவைப்படும் இடங்களும் உண்டு. கனரகச் சரக்கு டிஎல்சி (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்பு) வாங்கியிருந்து பெரிய இயந்திரங்களை இழுக்கப் போகிறீர்கள் என்றாலோ, ஸ்காண்டினேவியப் பக்கம் போய் நம் இன்டர்லிங்க் மாதிரி இரட்டை டிரெய்லர் கட்டி ஓட்டப் போகிறீர்கள் என்றாலோ தாராளமாக 6×4 எடுங்கள். இரண்டும் கெட்டான் நிலையில் இருந்தால் 6×2 இருக்கிறது. எடை இல்லாதபோது ஓர் அச்சைத் தூக்கிவிட்டு ஓட்டலாம்.

இனி குதிரைத்திறன். 750-க்கும் 730-க்கும் வித்தியாசம் 20. நாற்பது டன்னில் அதைப் பிரித்துப் பாருங்கள், டன்னுக்கு அரை ஹெச்.பி. டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், வால்வோ 3550 நியூட்டன்-மீட்டர், ஸ்கானியா 3500. நூற்றுக்கு ஒன்றரை கூட வராத இடைவெளி. இதை வைத்து முடிவெடுப்பதும் ஒன்றுதான், பெயின்ட் நிறத்தை வைத்து எடுப்பதும் ஒன்றுதான். மாமாவிடம் அவருடைய ஹார்ஸ் எத்தனை ஹெச்.பி. என்று கேளுங்கள். என்3-இல் ஓடுபவற்றில் 480-லிருந்து 560 வரை உள்ளவை ஏராளம். 520 என்று வைத்துக்கொண்டால், 56 டன்னுக்கு டன் ஒன்றுக்கு 9.3 ஹெச்.பி. வருகிறது. அதை வைத்துக்கொண்டு அவர் வான் ரீனன் ஏறுகிறார். விளையாட்டில் 500 ஹெச்.பி. எஞ்சினோடு 40 டன் இழுத்தால் டன்னுக்கு 12.5. மாமாவை விட நீங்கள் வசதியாகத்தான் இருப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டின் வரைபடம் நிஜ அளவில் இல்லை. ஐரோப்பிய நிலப்பரப்பு 19-இல் ஒரு பங்காகவும் பிரிட்டன் 15-இல் ஒரு பங்காகவும் சுருக்கப்பட்டிருக்கிறது. நிஜத்தில் கால் மணி நேரம் முக்கி முக்கி ஏறும் மலை, திரையில் சட்டென்று முடிந்துவிடும். பெரிய எஞ்சின் தன் பலத்தைக் காட்டுவதற்குள் உச்சி வந்துவிடுகிறது. பற்றாததற்கு வேகக் கட்டுப்பாட்டை அமைப்புகளில் நீக்காவிட்டால் எந்த லாரியும் 90-ஐத் தாண்டாது. 750 குதிரையும் 500 குதிரையும் சமவெளியில் ஒரே வேகத்தில்தான் போகும்.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? கியர்பாக்ஸில். புதிதாக வாங்குகிறவர்கள் எஞ்சின் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு இந்தப் பக்கத்தை ஒரு கிளிக்கில் தாண்டிவிடுகிறார்கள்.

அங்கே டிஃப் விகிதம் என்று ஓர் எண் போட்டிருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதுதான் அது. 2.64, 3.08, 3.40 என்கிற மாதிரி. எண் சின்னதாக இருந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், டீசல் குறையும். பெரிதாக இருந்தால் கிளம்பும்போதும் ஏற்றத்திலும் இழுவை கிடைக்கும். இது பாதி உண்மைதான். கடைசி கியரின் விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். கணக்கு சுலபம். லாரிச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.25 மீட்டர் உருளும். மணிக்கு 90 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1500 மீட்டர். ஆக, சக்கரம் நிமிடத்துக்கு 460 தடவை சுற்றுகிறது. கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்று, டிஃப் 2.64 என்றால் எஞ்சின் 1220 சுற்றில் ஓடும். அதே கியர்பாக்ஸில் டிஃப் 3.08 என்றால் 1420. ஆனால் கடைசி கியர் 0.78 உள்ள ஓவர்டிரைவ் பெட்டியில் டிஃப் 3.40 என்றாலும் திரும்பவும் 1220-தான் வரும். வெறும் 3.40-ஐப் பார்த்து "இது டீசலைக் குடிக்கும்" என்று ஒதுக்கினால் நல்ல கியர்பாக்ஸ் ஒன்றை இழந்துவிடுவீர்கள்.

இவ்வளவு கணக்குப் போட அலுப்பாக இருந்தால் எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். கடைசி கியரில், சமதளத்தில், 85 அல்லது 90-இல் முள் 1200-ஐ ஒட்டி நின்றால் பொதுச் சரக்குக்கு அருமை. இந்த வகை எஞ்சின்களில் முழு டார்க்கும் கிடைப்பது ஏறக்குறைய 1000-லிருந்து 1400 வரை. 1200-இல் ஓடிக்கொண்டிருந்தால் லேசான ஏற்றம் வந்தாலும் கியர் இறங்காமல் இழுத்துக்கொண்டு போய்விடும். 1000-க்குக் கீழே ஓடினால் ஒவ்வொரு பாலத்துக்கும் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும். அதைவிட எரிச்சல் வேறில்லை.

அதே பக்கத்தில் ரிடார்டர் உள்ள கியர்பாக்ஸ், இல்லாத கியர்பாக்ஸ் என்று இரண்டு வகை இருக்கும். ரிடார்டர் உள்ளதை வாங்குங்கள், காசு பார்க்காதீர்கள். பிரேக்கைத் தொடாமல் இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். டர்பன்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2013-இல் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரியால் 24 பேர் இறந்தது உங்கள் வீட்டிலும் பேசப்பட்டிருக்கும். விளையாட்டில் உயிர்ச்சேதம் இல்லைதான். ஆனால் ஏர் பிரேக் அமைப்பை நிஜத்தன்மைக்கு மாற்றிவிட்டு ஆல்ப்ஸ் இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள். காற்றழுத்த முள் இறங்கிக்கொண்டே வரும். ரிடார்டரை இரண்டு படி போட்டால் அந்தக் கவலையே இல்லை.

சேசிஸ், டிஃப், ரிடார்டர் மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் வால்வோவா ஸ்கானியாவா என்ற கேள்விக்கு அர்த்தமே வருகிறது. அந்த இரண்டும் அப்போது இன்னும் ஒரே மாதிரி ஆகிவிட்டிருக்கும். மிச்சமிருப்பது நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் இடமும் காதில் விழும் சத்தமும்.

ஸ்கானியா எஸ்-இல் கேபின் தரை சமதளம். அதனால் இருக்கை உயரம். தூரத்துச் சாலை நன்றாகத் தெரியும், ஆனால் மூக்குக்குக் கீழே வந்து நிற்கும் கார் தெரியாது. வால்வோவின் பக்கவாட்டுக் கண்ணாடிக் கூடுகள் ஒல்லியானவை. ரவுண்டானாவில் நுழையும் இடத்தில் இதன் அருமை தெரியும். கூடு தடிமனாக இருந்தால் முன்தூணும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்து வட்டத்துக்குள் வரும் ஒரு முழுக் காரையே மறைத்துவிடும். நீங்கள் நகரத் தொடங்கும் நொடியில்தான் அது தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும். எஃப்4 விசையை அழுத்தி இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் இரண்டு லாரியிலுமே இது குறையும். நகரத்துக்குள் சுற்றும் வேலை அதிகம் என்றால் என் ஓட்டு வால்வோவுக்கு.

சத்தம் என்று வந்தால் ஸ்கானியா வி8-க்கு எதிராகப் பேச எனக்குத் தைரியமில்லை. வால்வோவின் 16 லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டரும் வரிசையாக நிற்கின்றன, ஒரே சீரான முழக்கம். வி8-இல் அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல். அந்த உறுமலுக்காகத்தான் 730 வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அது நியாயமான காரணம்தான். ஏற்றத்துக்குத் தேவை என்று மட்டும் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க இரண்டு வழி உண்டு. கம்பெனி லாரியில் ஓட்டும் குவிக் ஜாப் பட்டியலில் எந்த வேலைக்கு எந்த லாரி என்று தெரியும். அதில் இரண்டு லாரியையும் ஒரே அளவு எடையோடு எடுத்து ஓட்டலாம். இரண்டாவது வழி இன்னும் நல்லது. ஷோரூமுக்குப் போகும் முன் ஆட்டத்தைத் தனியாகச் சேமித்துவிடுங்கள். நீங்கள் நினைத்த அதே சேசிஸ், அதே கியர்பாக்ஸோடு வால்வோவை வாங்கி ஒரு சரக்கு ஓட்டுங்கள். முடிந்ததும் சேமித்த இடத்துக்குத் திரும்பி ஸ்கானியாவை வாங்கி அதே வழியில் ஓட்டுங்கள். காசு நஷ்டமில்லை. நெடுஞ்சாலை, ரவுண்டானா, கிடங்கில் ரிவர்ஸ் மூன்றும் உள்ள பாதையாக இருக்கட்டும். 1.49 பதிப்பிலிருந்து பழைய லாரி விற்பவர்களும் வந்துவிட்டார்கள், அங்கேயும் ஒரு பார்வை பாருங்கள். முதல் லாரி புத்தம் புதியதாக இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை.

உங்களுக்காக நான் ஷோரூமில் நின்றால் 4×2, 500 ஹெச்.பி. வட்டாரத்தில் ஓர் எஞ்சின், ரிடார்டர் உள்ள 12 கியர் பெட்டி, வால்வோ. மிச்சப்படும் பணத்தில் சொந்த டிரெய்லருக்கு முன்பணம் தேறும். மாமா முகம் சுளித்தால் அந்த 9.3 கணக்கைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஷோரூமில் பெரும்பாலும் ஸ்டியரிங் இடது பக்கம் உள்ள லாரிதான் நிற்கும். உள்ளலங்காரப் பகுதியில் வலது பக்க ஸ்டியரிங்கும் கிடைக்கும். நம் ஊர் பழக்கத்துக்கு அதுதான் கைக்கு வரும் என்று தோன்றும். பிரிட்டனில் கம்பெனி தொடங்கி அங்கேயே பெரும்பாலும் ஓட்டுவதாக இருந்தால் வலது பக்கம் எடுங்கள், அங்கே நம்மைப் போலவே சாலையின் இடது பக்கம்தான். ஆனால் டோவரில் படகேறி பிரான்ஸின் கலேயில் இறங்கியதும் எல்லாம் தலைகீழ். வலது ஸ்டியரிங்கோடு அங்கே முன்னால் போகும் லாரியை முந்த எட்டிப்பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும், எதிரே வரும் வண்டி தெரியாது. ஜெர்மனி, போலந்து என்று போகப் போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே இடது ஸ்டியரிங் வாங்கி, முதல் சில நடைகளைப் போக்குவரத்து குறைந்த இரவு நேரத்தில் ஓட்டிப் பழகுங்கள்.