முன்சக்கரத்தில் கிரீச் சத்தம்: பணம் கட்டுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் திறந்தமேல் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இடதுபுறம் கிரீச்சிடுகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் ஒரு முனகல். மழை பெய்தால் வேகத்தடைச் சத்தம் அடங்கிவிடுகிறது, வெயில் அடித்தால் திரும்ப வந்துவிடுகிறது. பட்டறையில் அப்சோர்பர், ஸ்பிரிங், புஷ், கிங் பின் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் மாற்றவேண்டும், 4,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், பாதியை முன்பணமாகக் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இப்போது கட்டாதீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பட்டறை இன்னும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மாற்றினால் எப்படியும் சத்தம் போய்விடும் என்ற கணக்கில்தான் அந்த விலை போடப்பட்டிருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. மழையில் அடங்கும் சத்தம் பெரும்பாலும் ரப்பர் புஷ்ஷிலிருந்து (இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்) வருவது. காய்ந்த ரப்பர் இரும்பில் உரசுகிறது, தண்ணீர் பட்டால் வழுக்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வரும் முனகல் வேறு. அது கிங் பின்னில் (சக்கரம் இடம் வலமாகத் திரும்ப உதவும் செங்குத்துத் தண்டு) கிரீஸ் வற்றியதற்கான அறிகுறி. ஆக இரண்டு சத்தம், இரண்டு காரணம். ஸ்பிரிங் தானாகக் கிரீச்சிடுவது அபூர்வம்.

1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி.யின் முன்பக்க அமைப்பு எளிமையானது. மேலே லீவர் வகை அப்சோர்பர் (குலுக்கலை அடக்கும் கருவி), அதன் கைகளே மேல் ஆர்மாகவும், அதாவது சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கையாகவும், வேலை செய்கின்றன. கீழே லோவர் ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங், வெளிப்பக்கம் கிங் பின். ரப்பர் இருப்பது மூன்று இடங்களில்: லோவர் ஆர்மின் உள்முனை, கிங் பின்னின் மேல்முனை, ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) இருந்தால் அதைச் சேசிஸோடு பிடிக்கும் இடம்.

இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேரும் ஒரு தண்ணீர் தெளிப்பானும் போதும். இன்ஜினை அணைத்து, சமதளத்தில் நிறுத்துங்கள். ஒருவர் முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விடட்டும். மற்றவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் வைத்துக் கேட்கவேண்டும். சந்தேகப்படும் புஷ்ஷில் மட்டும் சோப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். சத்தம் நின்றால் அதுதான் இடம். ஒரு நேரத்தில் ஒரு புஷ் மட்டும். எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் எது என்று தெரியாமல் போகும். காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள்.

டபிள்யூ டி-40, இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதையும் ரப்பரில் அடிக்கவேண்டாம். பலர் செய்வது இதைத்தான். சத்தம் உடனே நிற்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதி மெத்தென்று ஆக்கிவிடும். பிறகு முன்பைவிடச் சத்தமாகக் கிரீச்சிடும், புஷ்ஷையும் மாற்றவேண்டிவரும். சிலிக்கோன் ஸ்ப்ரே அல்லது பிரேக் ரப்பருக்குப் பூசும் சிவப்புக் கிரீஸ் பாதுகாப்பானது.

அடுத்து கிரீஸ். ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை): இரண்டு கிங் பின் சுழலும் பகுதியில், ஒன்று அடியில் லோவர் ஆர்மோடு சேரும் இடத்தில். மறக்கப்படுவது அடியில் இருப்பதுதான். தண்ணீரும் சேறும் முதலில் போவதும் அங்கேதான். திடீர் வெள்ளத்தில் வண்டி ஓடியிருந்தால் அந்த வாரமே அங்கே கிரீஸ் அடிக்கவேண்டும். மற்றபடி 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. என்.எல்.ஜி.ஐ. 2 தர (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) லித்தியம் சேசிஸ் கிரீஸ் போதும். சேசிஸை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் அழுந்தியிருக்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிக்கொண்டே, கறுப்பு அழுக்கு வெளியே வந்து சுத்தமான கிரீஸ் தெரியும்வரை அடிக்கவேண்டும். கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளின் வாயிலேயே பிதுங்கினால் அது அடைத்திருக்கிறது. கழற்றிப் புதிது போடுங்கள், விலை சில வெள்ளிதான்.

கிங் பின் தேய்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின் பக்கம். ஆட்டமே இல்லையென்றால் கிங் பின்னை மாற்றக் காரணம் இல்லை. மாற்றியே ஆகவேண்டும் என்றால், கிங் பின்னின் புது உலோகப் புஷ்களை ஏற்றியபின் ரீமர் (துளையைச் சீவும் கருவி) போட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் வசதி உண்டா என்று பட்டறையில் கேளுங்கள். ரீமர் போடாமல் பூட்டினால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், புதுக் கிங் பின் சீக்கிரமே கெடும்.

லோவர் ஆர்ம் புஷ்தான் காரணம் என்று தெரிந்தால், பழைய வகையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எட்டு அரைப் புஷ் வேண்டும். எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காருக்குச் செய்யப்பட்ட, உள்ளே இரும்புக் குழல் ஒட்டிய புஷ் என்றால் நான்கு. வி8 புஷ்ஷே நல்லது. அதில் ரப்பர் உரசுவதில்லை, முறுக்கி மட்டும் திரும்புகிறது. ஆனால் கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் முழுக்க இறங்கியபின் செய்யவேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி நிற்கும் நிலையிலேயே ரப்பர் முறுக்கேறிக் கிடக்கும், சில மாதத்தில் கிழியும். புதுப் புஷ் போட்டும் சத்தம் திரும்பி வந்தது என்ற புகார்களில் இந்தத் தவற்றைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இந்த வேலைக்கு ஸ்பிரிங்கை இறக்கவேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே முடக்கும். முறையான கருவி இல்லாத வீட்டில் தொடாதீர்கள். நட்டுகள் அங்குல அளவு என்பதால், மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து மல்லுக்கட்டினால் முனை மழுங்கிவிடும். பூட்டும்போது ஸ்பிலிட் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் கம்பி) எல்லாம் புதிதாக இருக்கவேண்டும். கடைசியில் டோ-இன் அளவை (முன்சக்கரங்களின் முன்புறம் உள்ளே குவிந்திருக்கும் அளவு) சரிபார்க்கச் சொல்லுங்கள்: 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர்.

எனவே பட்டறையில் இப்படிக் கேளுங்கள்: முதலில் கிரீஸ், பிறகு சத்தம் வரும் புஷ் (இரண்டு பக்கமும்), அதற்குமேல் ஏதாவது என்றால் ஆட்டத்தை உங்கள் கண்முன் காட்டியபின். அப்சோர்பரைப் பொறுத்தவரை, எண்ணெய் ஒழுகாமல், அழுத்தி விட்டதும் வண்டி ஒரே முறை எழுந்து நின்றால் அது நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் வைத்திருக்கிறேன். ஸ்டியரிங் திருப்பும்போது முன்பக்கம் முனகுகிறது. போர்மன் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துவிட்டேன் என்கிறார். சத்தம் போகவில்லை. – வாசகர், செந்தூல்

பதில்: இது சத்தத்தோடு முடியும் விஷயம் இல்லை. ஸ்பிட்ஃபயரில் கீழே இருக்கும் டிரன்னியன் (சக்கரத்தின் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனை பொருந்தும் பாகம்) பித்தளை நிறத்தில் இருக்கும், உள்ளே மரையில் சுழலும். அதற்குக் கிரீஸ் கூடாது, ஈ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே இறுகி மரைக்கு எண்ணெய் போகாமல் அடைக்கிறது. தண்ணீர் புகுந்து இரும்புத் தண்டு அந்த மரையிலேயே துருப்பிடிக்கிறது. ஒரு நாள் அது ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும்.

கழற்றிச் சுத்தம் செய்து, மரையில் துருவோ தேய்மானமோ இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. குழி விழுந்திருந்தால் அந்தத் தண்டை மாற்றாமல் வண்டியை ஓட்டவேண்டாம். நன்றாக இருந்தால் அந்த ஈ.பி. 90 ஆயிலில் ஜி.எல்.-4 என்று குறித்த வகையை, மேல்பக்கம் கசியும்வரை அடியுங்கள். ஒரு துண்டுத் தாளில் 'இங்கே ஆயில் மட்டும்' என்று எழுதி பானட்டுக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த பட்டறைக்காரர் பழக்கதோஷத்தில் மறுபடி கிரீஸ் கன்னை எடுப்பார்.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு பட்டறை என் எம்.ஜி.பி.க்குப் பாலியுரேத்தேன் புஷ் போட்டது. முன்பைவிடச் சத்தம் அதிகம். "ஓட ஓடச் சரியாகும்" என்கிறார்கள். இரண்டு மாதமாகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகர், செராஸ்

பதில்: ஓட ஓடச் சரியாகாது. பாலியுரேத்தேன் புஷ்ஷுக்குள் இரும்புக் குழல் சுழல்கிறது, அதனால் உராயும் இடம் எப்போதும் உண்டு. பூட்டும்போது சிலிக்கோன் கிரீஸை உள்ளும் பக்கவாட்டிலும் தாராளமாகப் பூசவேண்டும். காய வைத்துப் பூட்டியிருந்தால் முதல் நாளிலிருந்தே கத்தும். இன்னொரு தவறு, குழல் புஷ்ஷைவிட ஒரு மயிரிழையாவது நீளமாக இல்லாதது. அப்போது போல்ட் குழலைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கையே நசுக்கிப் பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும். ரேசுக்குப் போகாத வண்டிக்கு ரப்பர்தான் எங்கள் பரிந்துரை.

உரிமையைப் பொறுத்தவரை, 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தரவேண்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும்: என்ன குறை, எத்தனை நாளில் சரிசெய்யவேண்டும் என்று. மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, முதலாம் படிவத்தில் மனு செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறார்கள், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும், வக்கீல் தேவையில்லை. இது வியாபாரியிடம் பெற்ற பொருளுக்கும் சேவைக்கும்தான். தனியாள் ஒருவரிடம் நேரில் வாங்கிய பழைய வண்டிக்குப் பொருந்தாது.

ரசீதில் 'முன்பக்கம் ரிப்பேர்' என்று ஒரே வரி இருந்தால் வழக்கு பலவீனமாகும். எந்த புஷ், எந்த பிராண்டு, எத்தனை, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதைக் கேளுங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் வாங்கி வையுங்கள். முன்பக்கத்தை அழுத்தி விடும்போது சத்தம் கேட்கிற மாதிரி தேதியோடு ஒரு வீடியோ எடுங்கள். இன்னொரு பட்டறையில் கழற்றும்போது, காய்ந்த புஷ்ஷையும் குழலின் நீளத்தையும் அளவுகோலோடு சேர்த்துப் படம் பிடித்து, அந்த மெக்கானிக்கிடம் கையெழுத்திட்ட ஒரு குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.