தண்ணீரில் கிடைத்த உடல்: மூழ்கி இறந்தவரா, இறந்தபின் வீசப்பட்டவரா என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

ஒரே பரிசோதனையில் விடை சொல்லிவிட முடியாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, தடயங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

கை, கால் தோல் வெளுத்துச் சுருங்கியிருப்பதைப் பலரும் ஆதாரமாக நினைக்கிறார்கள். அது உடல் நீரில் கிடந்ததை மட்டுமே காட்டும். பிணத்தை வீசினாலும் அப்படித்தான் ஆகும். மூக்கிலும் வாயிலும் துடைத்தாலும் மீண்டும் வரும் நுண்ணிய நுரை, உப்பிப்போய் ஒன்றையொன்று தொடும் நுரையீரல்கள், இறுகிய கைப்பிடிக்குள் நீர்ச்செடி ஆகியவை வலுவான அறிகுறிகள். ஆனால் இதய செயலிழப்பிலும் போதை மருந்து மிகுந்த மரணத்திலும்கூட நுரை வரலாம். உடல் அழுகத் தொடங்கினால் அதுவும் மறைந்துவிடும்.

அப்போது உதவக்கூடியது டயட்டம் சோதனை. டயட்டம் என்பது சிலிக்கா ஓடுடைய நுண்பாசி. உயிருடன் மூழ்குபவர் நீரை உள்ளிழுக்கும்போது அது நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. துடிக்கும் இதயம் அதை எலும்பு மஜ்ஜைவரை கொண்டுசேர்க்கிறது. தொடை எலும்பின் மஜ்ஜையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தாலும் அந்த ஓடு அழியாது. அதில் தென்படும் வகைகளைச் சம்பவ இடத்து நீரின் வகைகளோடு ஒப்பிடுகிறார்கள்.

இதையும் கண்மூடி நம்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உணவு, காற்று, ஆய்வகக் கருவிகள் வழியாகவும் டயட்டம் நுழையலாம். குழாய்நீரில் மூழ்கியவரிடம் அது இல்லாமலே போகலாம். அதனால் சோதனையில் ஒன்றும் கிடைக்காவிட்டால், அதை வைத்து மட்டும் கொலை என்று முடிவுகட்டுவது பெரும் அநீதி. கழுத்துக் காயங்கள், நச்சுப் பரிசோதனை, சம்பவ இடத்து விசாரணை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.