நீலகிரியில் இயற்கை விவசாயத்துக்கு மானியம் மட்டும் போதாதா, அரசே ஏன் காய் வாங்க வேண்டும்?

மானியம் எருவுக்கு உதவும், சரி. விளைந்த கேரட்டை யார் வாங்குவது? கேத்திப் பள்ளத்தாக்கில் ரசாயனம் போடாமல் விளைந்த கேரட்டும் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால் மற்றதோடு கலந்து ஒரே விலைதான். அங்ககம், அதாவது ரசாயனமில்லா இயற்கை விளைச்சல், என்று சான்று பெற, ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக 2 ஆண்டும், தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டும் ரசாயனத்தை விட்டு மாறும் மாற்றக் காலம் உண்டு. மகசூல் குறையக்கூடிய காலம் அது. அங்ககம் என்று விற்கவும் முடியாது. பலர் கைவிடுவது இங்கேதான்.

அரசுப் பள்ளி, விடுதி, மருத்துவமனைச் சமையலறைகள் தினமும் வாங்குபவை. பிரேசில் 2009இல் போட்ட சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்றது. அங்ககப் பொருளுக்கு 30 சதவீதம் வரை கூடுதல் விலையும் தரலாம்.

தமிழ்நாடு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் காய்கறி சாம்பார் இருக்கிறது. ஊட்டிப் பள்ளிகளுக்கு ஊட்டிக் காயையே வாங்கலாமே? குறைந்த விலை டெண்டர் மட்டும் இதற்குச் சரிவராது. மாற்றக் காலத்துக் காய்க்கும் ஒரு விலை வைத்து, விதைக்கும் முன்பே ஒப்பந்தம் போட வேண்டும். சிறு விவசாயிகள் ஐந்து பேராவது குழுவாகச் சேர்ந்தால், ஒருவர் நிலத்தை மற்றவர் சரிபார்க்கும் பங்கேற்புச் சான்று பெறலாம், செலவும் குறைவு.